கல்லீரல் புற்று: கண் மஞ்சளாகட்டும்னு காத்திருக்காதீங்க

சேலம் வட்டாரத்துல நாலு பேர் அவங்கவங்க பக்கத்துல இருந்து சொல்றது இது.

அஸ்தம்பட்டி, ஸ்கேன் சென்டர்:
காமாலை வந்தாத்தான் ஈரல் கெட்டுப்போச்சுன்னு நம்புறவங்கதான் இங்க அதிகம். கட்டி ரெண்டு சென்டிமீட்டர் இருக்கிறப்போ பெரும்பாலும் ஒண்ணுமே தெரியாது, ரத்தத்துல ஈரல் பரிசோதனைகூட நார்மலா வரலாம். தெரிய ஆரம்பிச்சா இப்படித்தான்: வலது விலாவுக்குக் கீழ மந்தமான வலி, சிலருக்கு அது வலது தோள்பட்டைக்கு ஏறும். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைஞ்சிடும். உடம்பு இளைக்கும், வயிறு மட்டும் முன்னால தள்ளும். ஏற்கெனவே சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்குறது) உள்ளவருக்குத் திடீர்னு வயித்துல நீர் கோத்தாலோ பேச்சு குழம்பினாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

சிரோசிஸ் இருக்கிறவங்க 6 மாசத்துக்கு ஒரு தடவை அல்ட்ராசவுண்ட், கூடவே ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை எடுக்கணும். ஏ.எஃப்.பி. நார்மல்னு நிம்மதியா இருந்துடாதீங்க, புற்று இருந்தும் அது ஏறாம இருக்கிறவங்க நிறைய. ஸ்கேனுக்கு முன்னால 6 மணி நேரம் வெறும் வயிறு, காபியும் கூடாது. குண்டான உடம்புல ஈரல் முழுசாத் தெரியாது. ரிப்போர்ட்டுல அப்படி எழுதியிருந்தா விட்டுடாம, சி.டி. தேவையான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

செவ்வாய்ப்பேட்டை, கடலை வியாபாரம்:
சாப்பாட்டுப் பக்கம் நான் சொல்றேங்க. கடலையிலயும் மக்காச்சோளத்துலயும் பிடிக்கிற ஒரு பூஞ்சணம் அஃப்ளாடாக்சின்னு விஷத்தை உண்டாக்கும். ஈரலைத் தாக்குற ஹெபடைட்டிஸ் பி வைரஸும் இதுவும் சேர்ந்தா ஆபத்து பல மடங்கு. வறுத்தா கொஞ்சம் குறையும், முழுசாப் போகாது.

காய்ஞ்ச காயை ஆட்டினா கலகலன்னு சத்தம் வரணும், பருப்பைத் தேய்ச்சா தோல் உதிரணும். ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல இருந்தா மூட்டை கட்டாதீங்க. சூம்பல், நிறம் மாறினது, பச்சை மஞ்சளாப் பூத்தது, கசப்பு அடிக்கிறது எல்லாத்தையும் பொறுக்கிக் கொட்டிடுங்க. இதுலதான் நம்மாளுங்க தப்பு பண்றாங்க. "தின்ன ஆகாது, எண்ணெய்க்கு ஆகும்"னு சொத்தையை எடுத்துச் செக்குக்கு அனுப்புறாங்க. சுத்திகரிக்காத எண்ணெய்யில விஷத்துல ஒரு பங்கு வந்துடும், பெரும்பங்கு புண்ணாக்குல தங்கும். அந்தப் புண்ணாக்கை மாட்டுக்குப் போட்டா பால்லயும் வரும். செக்கு எண்ணெய் நல்லதுதான், ஆட்டுற கடலையும் நல்லதா இருக்கணும்.

ஏற்காடு, எஸ்டேட் செவிலியர்:
இங்க மலை மேல பனிமூட்டத்துல பூஞ்சணம் இன்னும் மோசம் அண்ணா. மூட்டையைச் சுவர்ல சாய்க்காம பலகை மேல அடுக்கணும். காபி ஈரலுக்கு நல்லதான்னு பலர் கேட்கிறாங்க: தொடர்ந்து காபி குடிக்கிறவங்களுக்கு ஈரல் புற்று குறைவாத்தான் இருக்குன்னு ஆய்வுகள் காட்டுது. அதுக்காக தினம் குவார்ட்டர் அடிச்சுட்டு ரெண்டு டம்ளர் காபியில கழுவிடலாம்னு நினைச்சா நடக்காது.

ஆத்தூர், மருந்துக்கடை:
காமாலைக்குக் கீழாநெல்லின்னு ஏன் இவ்வளவு பெருமையாப் பேசுறாங்கன்னு சொல்றேன். பெரியவங்களுக்குத் தொத்துற ஹெபடைட்டிஸ் பி 100-ல சுமார் 95 பேருக்குத் தானாவே போயிடும். அந்தப் பெருமை மூலிகைக்குப் போகுது. மீதிப் பேருக்குக் காமாலை இறங்கினாலும் வைரஸ் உள்ளேயே தங்கிடும். அதனால காமாலை வந்தவங்க 6 மாசம் கழிச்சு ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. (பி வைரஸ் இருக்கான்னு பார்க்கிற ரத்தப் பரிசோதனை) திரும்ப எடுக்கணும். பிறந்த குழந்தைக்குத் தாய்கிட்ட இருந்து வந்தா 10-ல 9 பேருக்குத் தங்கிடும், அதான் முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள்ள. பெரியவங்களுக்கு 0, 1, 6 மாசம்னு மூணு ஊசி. ஹெபடைட்டிஸ் பி, சிரோசிஸ் இல்லாமலேயே புற்றைக் கொண்டு வரும், ஆக டாக்டர் சொன்னா இவங்களும் 6 மாச ஸ்கேன் எடுக்கணும். பி-க்குக் கொடுக்கிற மாத்திரையை "நல்லா இருக்கேனே"ன்னு நீங்களா நிறுத்தினா வைரஸ் திடீர்னு கிளம்பி ஈரலையே செயலிழக்க வைக்கலாம். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்ல, ஆனா பெரும்பாலானவங்களுக்கு 12 வார மாத்திரையில குணமாகிடும். 2018-ல ஆரம்பிச்ச தேசியத் திட்டத்துல ரெண்டுக்கும் பரிசோதனை, மருந்து இலவசம், சேலம் ஜி.எச்.-ல கேளுங்க.

அஸ்தம்பட்டி, ஸ்கேன் சென்டர்:
சர்க்கரையும் கொழுப்பு ஈரலும் உள்ளவங்க ஈரல்ல தழும்பு இருக்க வாய்ப்பு எவ்வளவுன்னு வீட்டுலயே ஒரு கணக்குப் போடலாம், ஃபிப்-4னு பேர். ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., பிளேட்லெட் மூணும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுல இருக்கிற எண்கள். வயசை ஏ.எஸ்.டி.யால பெருக்குங்க. அதை, பிளேட்லெட்டை (ஆயிரத்துல) ஏ.எல்.டி.யோட வர்க்கமூலத்தால பெருக்கி வர்றதால வகுங்க. வயசு 55, ஏ.எஸ்.டி. 60, ஏ.எல்.டி. 49, பிளேட்லெட் 150 ஆயிரம்னா 3300-ஐ 1050-ஆல வகுத்து 3.14. 1.3-க்குக் கீழ இருந்தா பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு (65 வயசு தாண்டினா 2.0). 2.67-க்கு மேல போனா ஈரல் டாக்டரைப் பார்த்து ஃபைப்ரோஸ்கேன் (ஈரல் எவ்வளவு இறுகியிருக்குன்னு அளக்கிற ஸ்கேன்) எடுங்க.