க்வாட் பைக்ல பையனை பின்னாடி உட்கார வைக்கலாமா? சீட் நீளமாத்தானே இருக்கு

புதுவண்டி:
எல்லாருக்கும் வணக்கம். மச்சான் ஒரு 400 சிசி க்வாட் (மண்பாதைல ஓட்டுற நாலு சக்கர பைக்) வாங்கியிருக்கான், அடுத்த வாரம் ரெண்டு குடும்பமும் ட்ரெயில், அதாவது மேடுபள்ளமான மண்பாதைல, போறோம். நான் பைக் பத்து வருஷமா ஓட்டுறேன் ஆனா இதைத் தொட்டதே இல்ல. பையனுக்கு 11 வயசு, நானும் வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். சீட்ல ரெண்டு பேர் தாராளமா உட்காரலாம், ஆனா மட்கார்டுல ஆள் ஏத்தாதேன்னு ஸ்டிக்கர் இருக்கு. அது கம்பெனிக்காரன் கேஸுக்கு பயந்து ஒட்டுறதுன்னு மச்சான் சொல்றான். 15 கிமீ வேகத்துல உருட்டிட்டு போனா என்ன ஆகப்போகுது? அப்புறம் ட்ரெயில் வாசல் வரைக்கும் 2 கிமீ தார் ரோடு, ஓட்டிட்டே போயிடலாமா?

மேடுபள்ளம்:
ஸ்டிக்கரை நம்புங்க ப்ரோ, மச்சானை நம்பாதீங்க. அந்த சீட் நீளம் உங்களுக்குத்தான். மேடு ஏறும்போது முன்னாடி நகரணும், இறங்கும்போது பின்னாடி போகணும், சரிவுல குறுக்கே போனா மேட்டுப் பக்கம் உடம்பை சாய்க்கணும், பின்னாடி ஒருத்தன் இடுப்பைக் கட்டிப் புடிச்சிருந்தா இதுல ஒண்ணும் முடியாது. நானே பண்ணுன முட்டாள்தனம்: ஃப்ரெண்டை ஏத்திட்டு சின்ன மேடுதான், ஆட்டோ ரிக்‌ஷா கூட ஏறிடும், பாதில முன் சக்கரம் ரெண்டும் மெல்ல தூக்க ஆரம்பிச்சுது, அவன் பயந்து என்னைப் பின்னாடி இழுத்தான், இதுல த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) கட்டைவிரல்ல அமுக்குற லீவர் வேற, ஹேண்டில் பாரை இறுக்கிப் புடிச்சதுல விரல் இன்னும் அமுக்கிடுச்சு. வண்டி பல்டி. அவனுக்குத் தோள் எலும்பு போச்சு. வேகம் 10 கூட இருக்காது, அதனால அந்த 15 கிமீ கணக்கை விட்ருங்க.

இன்னொண்ணு, மேட்டுல இன்ஜின் நின்னு பின்னாடி உருள ஆரம்பிச்சா பின் பிரேக்கை மட்டும் சடார்னு அமுக்கிடாதீங்க, அப்படியே மல்லாந்துடும். உடம்பை மேட்டுப் பக்கம் வச்சுக்கிட்டு முன் பிரேக்கைப் புடிங்க.

செம்மண்_சக்கரம்:
தார் ரோடு வேணவே வேணாம். அந்த குண்டு டயர்ல காத்து 5 பிஎஸ்ஐ மாதிரிதான் இருக்கும், மண்ணுக்கு சூப்பர், தார்ல ரப்பர் கடிச்சு இழுக்கும். நிறைய க்வாட்ல பின் அச்சு ஒரே கம்பி, திருப்பத்துல ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தும், வண்டி நேரா போகத்தான் பாக்கும். பல ஊர்ல சட்டப்படியும் ரோட்ல விட மாட்டான். ட்ரெய்லர்ல ஏத்திட்டு போங்க.

பழைய_கை:
தம்பி, இன்னும் ஒரு குண்டு போடறேன் கோச்சுக்காதீங்க, பையன் தனியா ஓட்டவும் அந்த வண்டி ஆகாது. 90 சிசிக்கு மேல இருக்கறது 16 வயசுக்கு மேலதான்னு பொதுவா வச்சிருக்காங்க, பசங்களுக்கு 6, 10, 12ன்னு வயசு வாரியா சின்ன வண்டி தனியா வருது. இதெல்லாம் சும்மா வந்த ரூல் இல்ல, அமெரிக்கால கவுந்து கவுந்து விழுந்துதான் 1988ல மூணு சக்கர ஏடிவியை (க்வாட் மாதிரி மண்பாதை வண்டி) புதுசா விக்கறதையே நிறுத்த வச்சாங்க. ஆஸ்திரேலியால 2021லேர்ந்து புது க்வாட் பலதுக்கும் கவுந்தா ஆளைக் காக்குற கம்பி கட்டாயம்.

பையன் கூட வரணும்னா சைடு பை சைடு (பக்கத்துல பக்கத்துல சீட் இருக்கற, கார் மாதிரி ஸ்டீயரிங் வண்டி) வாடகைக்கு எடுங்க, பெல்ட் இருக்கு, தலைக்கு மேல கூண்டு இருக்கு. ஆனா முதுகு சீட்ல ஒட்டி உட்கார்ந்தா கால் தரையில முழுசா பதியணும், பதியலைன்னா அடுத்த வருஷம்தான். சாயும்போது கையை வெளிய நீட்டி ஊனக்கூடாதுன்னு பத்து தடவை சொல்லுங்க, கை போறது அப்படித்தான்.

புதுவண்டி:
ரொம்ப நன்றிங்க. கால் அளந்து பாத்தேன், பதியுது! பெல்ட்டும் இருக்கறதால ஹெல்மெட் இல்லாம ஓகேதானே, விட்ரலாமா? எதிர்ல வண்டி வந்தா யாருக்கு வழி விடணும்?

மேடுபள்ளம்:
ஹெல்மெட் கட்டாயம், கூண்டுக் கம்பில மண்டை இடிக்கும். மாட்டிட்டு ஆட்டிப் பாருங்க, கன்னத்துத் தோலும் கூடவே நகரணும், தனியா சுத்துச்சுன்னா பெருசு. வழி பொதுவா மேடு ஏறுறவனுக்கு. நடந்து வர்றவங்களைப் பாத்தா மெதுவா போங்க, குதிரை வந்தா ஓரம் கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணி ஹெல்மெட்டைக் கழட்டிட்டு பேச்சு குடுங்க, மனுஷக் குரல் கேட்டா அது மிரளாது. கும்பலா போனா எதிர்ல வர்றவங்களுக்குப் பின்னாடி எத்தனை வண்டி வருதுன்னு விரல்ல காட்டணும், கடைசி ஆள் முஷ்டியை மூடிக் காட்டுவான். மச்சானைக் கடைசில விடுங்க, புழுதி தின்னட்டும்.