மொட்டை மாடியில் நைட்ரோ அடிக்கலாமா? தேக்கு டெலிகாஸ்டர், பாலிஷ் சண்டை

நிலைக்கதவு:
பாட்டி வீட்டை இடித்தபோது நிலைச்சட்டங்கள் விறகுக்கடைக்குப் போக இருந்தன. நல்ல பழைய தேக்கு. மனசு கேட்காமல் மடிப்பாக்கத்துக்கு ஏற்றி வந்துவிட்டேன். அதில் டெலிகாஸ்டர் என்னும் எலக்ட்ரிக் கிட்டாரின் வடிவத்தில் ஒரு பாடி செய்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை, எட்டு மாதம் ஆயிற்று.

மூன்று துண்டுகள் ஒட்டியது, 44 மி.மீ. தடிமன். தேக்கு கனம் என்பதால் உள்ளே இரண்டு அறைகள் குடைந்து, மேலே 6 மி.மீ. பலகை ஒட்டி மூடினேன். இப்போது 2.4 கிலோ. நெக் மட்டும் விலைக்கு வாங்கிய மேப்பிள். 648 மி.மீ. ஸ்கேலுக்கு (கம்பி அதிரும் நீளம்) முதல் பிரெட் (நெக்கில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) நெக்கின் தலைப்பக்கம் கம்பி தொடங்கும் இடத்திலிருந்து 36.37 மி.மீ.-இல் விழ வேண்டும். அதில் அரை மில்லிமீட்டர் பிசகினால் காது காட்டிக்கொடுத்துவிடும். நெக்கையும் நானே செய்யும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

இப்போது பாலிஷ். நண்பரிடம் சின்ன கம்பிரசரும் கன்னும் இருக்கின்றன. மொட்டை மாடியில் வைத்து என்.சி. லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ், அதாவது நைட்ரோ) பத்துப் பன்னிரண்டு கோட் அடிக்கலாம் என்று இருக்கிறேன். பக்கத்துத் தெரு பாலிஷ்காரர் மெலமைன் போதும் என்கிறார். ஐப்பசி மழை வேறு. என்ன சொல்கிறீர்கள்?

இன்னொன்று. பழைய ஆணி ஒன்று இருந்த இடத்தில் ஓட்டையும் அதைச் சுற்றி ஒரு கறுப்புக் கறையும் இருக்கின்றன. பிரிட்ஜுக்கு (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) கொஞ்சம் கீழே. அதை என்ன செய்ய?

தின்னர்வாசம்:
நைட்ரோதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 1950-களில் ஃபெண்டர், கிப்சன் என்ற கிட்டார் கம்பெனிகள் அடித்தது அதைத்தான். படலம் மெல்லியது, மரத்தை அதிர விடும். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கட்டிய மாதிரி இருக்காது.

அதைவிட முக்கியம் பழுது பார்ப்பது. புது நைட்ரோ பழைய நைட்ரோவைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும். பன்னிரண்டு கோட் அடித்தாலும் கடைசியில் ஒரே படலம். பத்து வருடம் கழித்துக் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் மட்டும் புது நைட்ரோ விட்டுத் தேய்த்துவிடலாம். பி.யு.-வில் (பாலியூரிதேன் பூச்சு) புதுப்படலம் பழையதன் மேல் தனியாக உட்காரும். தேய்க்கும்போது விளிம்பு, தண்ணீர்க் கறை மாதிரி வளையமாகத் தெரியும்.

கறுப்புக் கறையைத் தொடாதீர்கள். அதுதான் அழகு.

மைக்ரான்:
பழுது பார்ப்பது பற்றிச் சொன்னது சரி. மற்றதெல்லாம் பக்தி.

முதலில், "50-களில் ஃபெண்டர் அடித்தது" என்பது. நைட்ரோ ஒன்றும் கிட்டாருக்காகப் பிறந்ததல்ல. 1920-களில் கார் கம்பெனிகளுக்குச் சீக்கிரம் காயும் பெயின்ட் தேவைப்பட்டது, அதற்காக வந்தது. ஃபெண்டர் தன் கஸ்டம் கலர்களை டூபான்ட்டின் கார் பெயின்டிலிருந்துதான் எடுத்தது. அதில் டூகோ என்பது நைட்ரோ, லூசைட் என்பது அக்ரிலிக். எல்லோரும் உருகும் அந்த லேக் பிளாசிட் நீலம் லூசைட் வகை. போதாததற்கு 1960-களில் அடியில் ஃபுல்லர்பிளாஸ்ட் என்று ஒரு கெட்டியான சீலர் அடித்து, அதற்கு மேல்தான் கலரே. "மரம் மூச்சுவிடும்" என்று சொல்லி விற்கப்படும் பழைய கிட்டார்களில் பல இப்படிப்பட்டவை.

இரண்டாவது, க்வீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயும் அவருடைய அப்பாவும் 1963-இல் வீட்டிலேயே செய்யத் தொடங்கிய ரெட் ஸ்பெஷல் கிட்டார். நெக் பழைய கணப்படுப்பின் மரம். பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். பிரெட் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். நிலைக்கதவு செய்துகொண்டிருப்பது அதே ஜாதி வேலை. அதற்கு அவர்கள் பூசியது நைட்ரோ இல்லை, ரஸ்டின்ஸ் பிளாஸ்டிக் கோட்டிங். கெட்டியாக்கி கலந்து பூசும் இரண்டு பாகச் சரக்கு. அந்தக் கிட்டாரின் சத்தத்தில் யாருக்காவது குறை தெரிந்ததா?

மூன்றாவது, சென்னை வியர்வை. நைட்ரோ பூசிய பாடியில் முன்கை படும் இடம் நாளடைவில் பிசுபிசுக்கும். சில கிட்டார் ஸ்டாண்டுகளின் ரப்பர் பட்டாலே அது இளகி ஒட்டிக்கொள்ளும். கார் பெயின்ட் கடையில் 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமில்லாத பி.யு. பூச்சு) வாங்குங்கள். மூன்று கோட், ஒரு வாரத்தில் பாலிஷ் போட்டு வாசிக்கலாம்.

பழைய உளி:
தம்பிகளா, இருவரும் கிட்டாரைப் பற்றியே பேசுகிறீர்கள். அது தேக்கு என்பதை மறந்துவிட்டீர்கள்.

தேக்கில் எண்ணெய் உண்டு. பழைய தேக்கு என்றால் வெளியே வறண்டு கிடக்கும், இழைப்புளி போட்டதும் உள்ளே பிசுக்கென்று இருக்கும். அதன் மேல் நேராக எதை அடித்தாலும் சில இடம் காயும், சில இடம் காயாது, சில இடம் உரிந்து வரும். ஒட்டும்போதும் இதே தொல்லைதான். ஒட்டுவதற்கு முன் தின்னர் போட்டுத் துடைத்தீர்களா?

என் கைப்பழக்கம் இது. 180, 220 உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரில் நனைத்த துணியால் துணியில் மஞ்சள் ஏறுவது நிற்கும் வரை துடைப்பேன். ஆறியதும் மெழுகு நீக்கிய அரக்கு பாலிஷ் இரண்டு கை. அரக்கு எதன் மேலும் ஒட்டும், அதன் மேல் எதுவும் ஒட்டும். கடையில் கிடைக்கும் அரக்குச் செதிலில் மெழுகு இருக்கும். ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு நாள் அசைக்காமல் வைத்தால் அது கலங்கலாக அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வடித்துக்கொள்ள வேண்டும். மெழுகோடு பூசினால் மேலே வரும் லாக்கரோ பி.யு.-வோ பிடிக்காமல் போகலாம்.

கறுப்புக் கறை இரும்பும் தேக்கும் சேர்ந்த கறை. ஆக்சாலிக் அமிலம் தடவினால் போகும். பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம்கம்பி:
எதற்கு இவ்வளவு? எதுவும் பூசாமல் விடுங்கள். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) பிடிப்பது காந்தத்துக்கு மேல் கம்பி அசைவதை. கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940-களின் தொடக்கத்தில் ஒரு நாலுக்கு நாலு அங்குலப் பைன் கட்டையில் கம்பி கட்டி வாசித்தார். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் கிட்டார் இறக்கைகளைப் பிறகு ஒட்டிக்கொண்டார். அவ்வளவுதான் மரத்தின் பெருமை.

மைக்ரான்:
சத்தம் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. ஆனால் பூச்சு சத்தத்துக்காக மட்டும் இல்லையே. பூசாத தேக்கில் ஆறு மாதம் கை பட்டால் கேரம் போர்டின் ஓரம் மாதிரி அழுக்கேறிக் கறுத்துவிடும்.

தின்னர்வாசம்:
மைக்ரான் சாரிடம் ஒரு கேள்வி. 2கே அடிக்கச் சொன்னீர்களே, அதில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது என்பதை ஏன் சொல்லவில்லை? அது ஒரு முறை நுரையீரலுக்கு ஒவ்வாமல் போய்விட்டால், அடுத்த முறை கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா மாதிரி இழுக்கும். ஆபத்தான அளவில் இருந்தாலும் மூக்குக்கு வாசனை தெரியாது, அதனால் மாஸ்கின் கரி தீர்ந்துபோனதும் தெரியாது. வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் மாஸ்க் வேண்டும். மடிப்பாக்கம் மொட்டை மாடியில் யாரிடம் இருக்கிறது அது? பக்கத்து வீட்டு மாடியில் வடாம் காயும், குழந்தைகள் விளையாடும்.

மைக்ரான்:
சொல்லாமல் விட்டது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். பெயின்ட் பூத்தில் அடிப்பதுதான் என் வழக்கம், அந்த நினைப்பிலேயே எழுதிவிட்டேன். பாடியைக் கார் பெயின்ட் அடிக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுத்து, வேறு வண்டிக்கு கிளியர் அடிக்கும்போது இதையும் சேர்த்து அடிக்கச் சொல்லலாம்.

ஆனால் உங்கள் நைட்ரோ மட்டும் துளசித் தீர்த்தமா? தின்னர் ஆவி காற்றை விடக் கனம். தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். மாடிப்படி வழியாக இறங்கிக் கீழே அடுப்பு எரியும் இடத்துக்கு வந்தால் என்ன ஆகும்? கம்பிரசரின் மோட்டார் சுவிட்சில் ஒரு பொறி போதும்.

தின்னர்வாசம்:
அதனால்தான் திறந்த மாடி. கம்பிரசரைத் தள்ளி வைத்து நீள ஹோஸ் போட்டுக்கொள்ள வேண்டும். கரி மாஸ்க் கட்டாயம், அதை நானும் சொல்லியிருக்க வேண்டும். தீக்கு வழி செய்துகொள்ளலாம், நுரையீரலுக்கு முடியாது.

நிலைக்கதவு:
உளி அண்ணே, ஒட்டும்போது தின்னர் போட்டுத் துடைத்தேன், தப்பித்தேன்.

சண்டை நடுவே சோதனை ஒன்று செய்து பார்த்தேன். மிச்சமிருந்த அதே தேக்கில் மூன்று துண்டுகள். முதலாவதில் நேராக நைட்ரோ. இரண்டாவதில் அரக்கு, அதன் மேல் நைட்ரோ. மூன்றாவதில் வெறும் ஆளிவிதை எண்ணெய். நேற்று மாலை மழை விட்டதும் மாடிக்குப் போய் அடித்தேன்.

முதலிரண்டும் ஐந்தே நிமிடத்தில் பால் ஊற்றியது மாதிரி வெளுத்துவிட்டன. எட்டு மாத உழைப்பு என்று நினைத்ததும் வயிறு கலங்கியது. சோதனைத் துண்டுதான் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. எண்ணெய்த் துண்டு நிறத்தில் அருமை. ஆனால் இன்று மாலையும் விரல் ஒட்டுகிறது.

மைக்ரான்:
ஐப்பசியில் நைட்ரோ. நான் எதுவும் சொல்லவில்லை.

தின்னர்வாசம்:
பயப்படாதீர்கள், அது ஈரம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் இருக்கும் ஈரம் அங்கே படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். வெயில் காயும் நாளில் மேலே வெறும் தின்னரோடு கொஞ்சம் ரிட்டார்டர் கலந்து லேசாக ஒரு பூச்சு விட்டால், படலம் மறுபடி இளகி ஈரம் வெளியேறி வெண்மை போய்விடும். பெயின்ட் கடையில் ரிட்டார்டர் என்றோ மெதுவாகக் காயும் தின்னர் என்றோ கேளுங்கள். 2கே-இல் இப்படித் தப்பு நடந்தால் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

பழைய உளி:
எண்ணெய் காயாததற்குத் தேக்கின் எண்ணெயே காரணம். ரோஸ்வுட்டும் அப்படித்தான் படுத்தும். வாரக்கணக்கில் ஆகும். எண்ணெய் துடைத்த துணியை என்ன செய்தீர்கள்? சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டிருந்தால் இப்போதே போய் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி சுருண்டு கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். கதை இல்லை, என் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

நிலைக்கதவு:
பதில் எழுதாமல் ஓடியதற்கு மன்னிக்கவும். கூடையில்தான் இருந்தது. தொட்டால் வெதுவெதுப்பு. வாளியில் அமுக்கிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

பழைய உளி:
சொல்லவும் வேண்டாம்.

ஒரு யோசனை. முழுவதும் அரக்கிலேயே முடித்துவிடுங்களேன். கன் வேண்டாம், கம்பிரசர் வேண்டாம், பருத்தித் துணிப்பந்து ஒன்று போதும். ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் அரை மணி நேரம். தின்னர்வாசம் கேட்கும் பழுது பார்க்கும் வசதி இதிலும் உண்டு, புதுக்கை பழையதைக் கரைத்துக்கொண்டு சேரும். ஸ்பானிஷ் கிட்டார் செய்பவர்கள் காலங்காலமாக இதைத்தான் தேய்க்கிறார்கள்.

மைக்ரான்:
அவர்கள் அதை மடியில் வைத்து உட்கார்ந்து வாசிக்கிறார்கள். இது டெலிகாஸ்டர். மேடை விளக்குச் சூட்டில் முன்கை வியர்வை வழியும். யாராவது மது சிந்தினால் அரக்கு கரையும், தண்ணீர் தேங்கினால் வெள்ளை வளையம். ஒரு வருடத்தில் முன்கை படும் இடம் பூச்சில்லாமல் நிற்கும்.

பழைய உளி:
நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு கை தேய்த்தால் போயிற்று. அவர்தான் ஞாயிற்றுக்கிழமை ஆளாயிற்றே.

தின்னர்வாசம்:
சமரசம். இப்போது அரக்கு இரண்டு கை பூசி ஈரத்தைத் தடுத்துத் துணி போர்த்தி வையுங்கள். தை பிறக்கட்டும். வறண்ட வெயிலில் நைட்ரோ எட்டு கோட், நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். பிறகு நாலு வாரம் தொடக் கூடாது. காய்ந்ததா என்று தெரிய மூக்கை வைத்துப் பாருங்கள். தின்னர் வாசம் (என் பெயர்தான்) வந்தால் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்குள் தேய்த்துப் பளபளப்பாக்கினால், ஒரு மாதம் கழித்துத் தேக்கின் துவாரங்கள் அம்மைத் தழும்பு மாதிரி வெளியே தெரியும்.

அப்புறம், எல்லாத் துளைகளையும் முதலிலேயே போட்டு, பாகங்களை ஒரு முறை பூட்டிக் கம்பி கட்டி வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் பூச்சு. நெக் உட்காரும் பள்ளத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அங்கே பூச்சு ஏறினால் நெக் இறுக்கிக்கொண்டு, ஒரு நாள் மூலையில் விரிசல் விடும்.

மைக்ரான்:
கடைசிப் பத்தியை வழிமொழிகிறேன். தண்ணீர் விட்டு 1000, 1500, 2000 என்று தேய்க்கும்போது ஸ்குரூ துளைகளில் தண்ணீர் இறங்காமல் மெழுகு வைத்து அடையுங்கள். இறங்கினால் மரம் உப்பி, துளையைச் சுற்றிப் படலம் நட்சத்திரமாக வெடிக்கும். மற்றபடி என் கருத்து மாறவில்லை. ஒர்க்ஷாப், 2கே, ஒரு வாரம்.

நிலைக்கதவு:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். தெளிந்த அரக்கு ஆறு கை ஆகிவிட்டது. பிரிட்ஜ், பிக்கப் எல்லாம் பூட்டி வாசித்தும் பார்த்தேன். பிரிட்ஜுக்கு எர்த் ஒயர் கொடுக்க மறந்ததால் முதல் நாள் கொசு மாதிரி ரீங்காரம், இப்போது இல்லை. தையில் நைட்ரோ அடிப்பதா, இப்படியே விடுவதா என்று முடிவு செய்யவில்லை. இப்போதைக்கு வாசிப்பதை நிறுத்த மனசு வரவில்லை.

ஆணிக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம் போடவில்லை. உளி அண்ணன் கோபிக்கக் கூடாது. அதைப் பார்த்ததும் அம்மா, "இது கூடத்து நிலையில் மாவிலைத் தோரணம் கட்டுகிற ஆணி" என்று சொல்லிவிட்டார்.

மைக்ரான்:
கறை இருக்கட்டும். ஓட்டையை மட்டுமாவது எபாக்சி ஊற்றி அடையுங்கள், வியர்வை இறங்கும். இந்த இழையில் என் பேச்சு ஒன்றையாவது கேட்டதாக இருக்கட்டும்.

நிலைக்கதவு:
ஊற்றிவிட்டேன். இறுகுவதற்குள் ஓர் எறும்பு உள்ளே இறங்கிவிட்டது. சுரண்டி எடுப்பதா, விடுவதா?