மேடு ஏறும்போது மட்டும் எரியும் ஆயில் விளக்கு: பம்ப் போய்விட்டதா?

சேந்தமங்கலத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 11 வருடப் பழைய பெட்ரோல் கார், 1.2 லிட்டர், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன ஞாயிறு காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறினோம். முப்பதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டி, இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தபோது சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கியது. காலை எடுத்தால் அணைகிறது, மிதித்தால் மறுபடி எரிகிறது. ஓரங்கட்டி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான் இருந்தது. பின் சீட்டில் அம்மா, "பெட்ரோல் தீர்ந்துபோச்சாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படியே திருப்பிக்கொண்டு மெதுவாக இறங்கி வந்துவிட்டோம். ஆயில் மாற்றி 4,000 கி.மீ.தான் ஆகிறது. பம்ப் போய்விட்டதா? மாற்ற என்ன செலவாகும்?

ஸ்டியரிங்பிரியன்:
லெவல் சரியாக இருந்தால் சென்சார் கோளாறுதான் நண்பா. இல்லையென்றால் 20டபிள்யூ50 ஊற்றிப் பாருங்கள், கெட்டியான ஆயிலுக்கு பிரஷர் நிற்கும். என் வண்டியில் அப்படித்தான் விளக்கு அணைந்தது.

பழைய ஸ்பானர்:
தம்பி, முதலில் வண்டியை எடுக்காதீர்கள். அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. பெரும்பாலான கார்களில் அரை பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவுக்கு இறங்கினால்தான் அது எரியவே எரியும். ஒருவர், கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்று விளக்கு எரிய எரிய 40 கி.மீ. ஓட்டிவிட்டு என் பட்டறைக்கு வந்தார். கழற்றிப் பார்த்தால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கன்ராடின் பேரிங் இடம்விட்டுச் சுற்றிப்போய், கிராங்க், அதாவது இன்ஜினின் சுழலும் தண்டு, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

கெட்டி ஆயில் யோசனை இந்த வண்டிக்கு ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

வழக்கமாக இந்த விளக்கு எப்போது மினுக்கும்? இன்ஜின் நன்றாகச் சூடாகி, சிக்னலில் ஐடிலிங்கில் நிற்கும்போது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணைந்துவிடும். பேரிங் தேய்ந்திருந்தாலோ, ஆயில் நீர்த்துப்போயிருந்தாலோ, பம்பின் பல் தேய்ந்திருந்தாலோ அப்படி ஆகும். உங்கள் கதை தலைகீழ். ஐடிலிங்கில் சரியாக இருக்கிறது, வேகம் கூடினால் விழுகிறது. தள்ளுகிற பக்கத்தைவிட உறிஞ்சுகிற பக்கத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபுட் வால்வில் பாசி அடைத்தால் என்ன ஆகும்? மோட்டார் நன்றாகத்தான் சுற்றும், தண்ணீர் விட்டுவிட்டு வரும். இங்கே இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சேம்பர்தான் கிணறு, அதில் மூழ்கியிருக்கும் வலை வடிகட்டியான ஸ்ட்ரெய்னர்தான் ஃபுட் வால்வு. பம்புக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சக்கரங்கள். வெளிச் சக்கரத்துக்கு உள்ளே இருப்பதைவிட ஒரு பல் அதிகம். கிராங்க் சுற்ற இவையும் சுற்றி, இடைவெளி விரியும்போது ஆயிலை உறிஞ்சி, சுருங்கும்போது தள்ளும். கிராங்க் வேகம் கூடினால் பம்ப் கேட்கும் ஆயிலும் கூடும். ஸ்ட்ரெய்னர் அடைத்திருந்தால் அவ்வளவு கிடைக்காது. குழாய் சேரும் இடத்தில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் ஆயிலோடு காற்றும் ஏறும். இந்த நிலைமையில் கெட்டி ஆயிலை ஊற்றினால் உறிஞ்சுவது இன்னும் கஷ்டம்தான்.

ஒரு கேள்வி: ஒரு வருடத்துக்குள் யாராவது சேம்பரைக் கழற்றினார்களா?

சேந்தமங்கலத்தான்:
அண்ணே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! ஐந்து மாதம் முன்பு ஒரு வேகத்தடையில் அடிபட்டு சேம்பர் நசுங்கியது. பக்கத்துப் பட்டறையில் கழற்றி, தட்டி நிமிர்த்தி, மாட்டிக் கொடுத்தார்கள்.

பழைய ஸ்பானர்:
அப்படியென்றால் பம்ப் விலையை இப்போது விசாரிக்க வேண்டாம். வண்டியை டோ செய்து கொண்டுபோய், அந்த விளக்கை எரிய வைக்கும் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, இன்ஜின் சூடான பிறகு பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வண்டிக்கான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பொதுவாக ஐடிலிங்கில் 1 பாருக்குக் குறையக் கூடாது, வேகம் கூடக் கூட ஏற வேண்டும். ஏறாமல் முள் ஆடினால் உடனே இன்ஜினை அணைத்துவிட்டு சேம்பரை இறக்கச் சொல்லுங்கள்.

சேம்பரை மாட்டும்போது சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசுவது சிலருக்குப் பழக்கம். வெளியே பிதுங்குவதைத் துடைத்துவிடுவார்கள். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்குமே, அதை யார் துடைப்பது? சூட்டிலும் ஆயிலிலும் ஊறி, பிய்ந்து, நேராக ஸ்ட்ரெய்னரில் போய் உட்காரும்.

ஓ-ரிங்கைப் புதிதாகவே போடுங்கள், சில ரூபாய்தான். மாட்டி முடித்ததும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஐந்து ஐந்து நொடியாக செல்ஃப் அடித்து, விளக்கு அணைந்த பிறகுதான் ஃபியூஸை மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

சேந்தமங்கலத்தான்:
அண்ணே, நேற்று வேலை முடிந்தது. கேஜில் ஐடிலிங்கில் 1.2 பார், 2,000 ஆர்பிஎம்மில் 2.1. 3,000 தொட்டதும் 1-க்கு இறங்கி முள் ஆடியது. சேம்பரை இறக்கினால் ஸ்ட்ரெய்னர் வலையில் பாதிக்கு மேல் சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரித் துணுக்குகள், ஒன்று சுண்டுவிரல் நீளம். சுத்தம் செய்து, ஓ-ரிங், ஃபில்டர், ஆயில் எல்லாம் புதிதாகப் போட்ட பிறகு 3,000-இல் 3.6 வந்தது. பம்பைத் தொடவே இல்லை. ஆனால் சாவி போட்டதும் விளக்கு இன்னும் எரிகிறது, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறது. அதில் ஏதாவது...?

பழைய ஸ்பானர்:
அது எரியத்தான் வேண்டும் தம்பி. சாவி போட்டு எரியாத அன்றைக்குக் கூப்பிடுங்கள். 500 கி.மீ. ஓட்டிய பிறகு ஃபில்டரை மட்டும் கழற்றி, அறுத்துப் பாருங்கள். இன்னும் துணுக்கு இருந்தால் சேம்பரை மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

ஸ்டியரிங்பிரியன்:
ஸ்பானர் அண்ணே, என் வண்டியில் கெட்டி ஆயில் ஊற்றி விளக்கு அணைந்ததே, அது ஐடிலிங்கில் எரிந்த விளக்கு. இப்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. கேஜ் வாடகைக்குக் கிடைக்குமா?