ஏழாம் மாசம், நைட்டு கெண்டைக்கால் இழுக்குது, என்னங்க பண்றது?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
29 வாரம் ஆச்சுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகிக்குது, நான் கத்துற கத்துல வீட்டுக்காரர் பதறி எந்திரிக்கிறாரு. நெஞ்செரிச்சல் வேற, கேட்டா மாமியார் புள்ளைக்கு முடி ஜாஸ்திங்கறாங்க 😄

மீனாட்சிபுரம் அக்கா:
இழுக்கறப்ப காலை நீட்டி பாதத்தை உங்க பக்கமா மடக்குங்க கண்ணு, கட்டைவிரல் மூஞ்சியப் பாக்கணும், கீழ்ப்பக்கமா நீட்டுனா இன்னும் இழுக்கும், நான் பட்டிருக்கேன். நைட்டு சாப்பாட்ட ஏழரைக்கே முடிங்க, சாப்ட்ட உடனே படுக்காதீங்க, காரக்குழம்பு மதியத்தோட சரி. 28 வாரத்துக்கு மேல மல்லாந்து தூங்காம ஒருக்களிச்சுப் படுங்க.

வேலந்தாவளம் ரெண்டு புள்ள அம்மா:
இரும்பு மாத்திரையும் கால்சியமும் ஒண்ணா முழுங்காதீங்க, டீயோடயும் வேணாம், சத்து ஒடம்புல ஒட்டாது. ஒரு கால் மட்டும் வீங்கி சிவந்து சூடா வலிச்சா, இல்ல திடீர்னு மூஞ்சி கை வீங்கி தலைவலி, கண்ணு மங்கல்னு வந்தா, விடியட்டும்னு பாக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
அய்யோ, நான் டீயோடதான் முழுங்கிட்டிருந்தேன்!