கதிரின் ஆற்றங்கரை வரைபடம்

(குடும்பக் குழு – சனிக்கிழமை)

கதிர்: எல்லோருக்கும் ஒரு வேலை. வகுப்பில் ஒரு கற்பனை நகரத்துக்குப் பசுமைவழி வலைப்பின்னல் வரையச் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் ஆறு, வடக்கே காடு, தெற்கே ஏரி, ரயில் ஓடாமல் கிடக்கும் பழைய தடம் ஒன்று, அங்கங்கே ஐந்தாறு பூங்கா. மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் இவற்றை இணைக்க வேண்டும். காட்டுயிர்களுக்கும் வழி வேண்டும். புதன்கிழமை கொடுக்கணும்.

கதிர்: [படம்: பென்சில் வரைபடம்]

மாமா: அருமை. ஆற்றின் இரண்டு கரையிலும் பாதை போட்டுவிடு. போகும்போது ஒரு கரை, வரும்போது மறுகரை. வந்த வழியிலேயே திரும்பி மிதிப்பது மாதிரி அலுப்பு வேறு இல்லை.

அத்தை: வேண்டாம்.

மாமா: காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால்?

அத்தை: சொல்கிறேன். கையில் வேலை இருக்கிறது.

நிலா அக்கா: ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு குழுவில் சண்டை 😂

பெரியப்பா: டேய் கதிர், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய ரயில் தடத்தைச் சும்மா ஒரு கோடாக இழுத்து விட்டிருக்கிறாய். உன் நகரத்தின் பெரிய சொத்தே அதுதான். ரயில் இழுக்க வேண்டும் என்பதற்காக நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர், மிஞ்சிப்போனால் இரண்டு மீட்டர் ஏற்றம்தான் வைத்திருப்பார்கள். சக்கர நாற்காலிக்கு நூறுக்கு ஐந்து வரை பரவாயில்லை என்கிறார்கள். மேடு கட்டி, பாறை வெட்டி, பாலம் போட்டுத் தயாராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கதிர்: வகுப்பில் எல்ராய்–ஸ்பார்ட்டா பாதையைக் காட்டினார்கள் பெரியப்பா. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம், கைவிட்ட ரயில் தடத்தை வாங்கி 1967இல் பாதையாகத் திறந்தது. சுமார் 51 கிலோமீட்டர், நடுவில் மூன்று சுரங்கம்.

பெரியப்பா: வாங்கினார்கள் பார், அதைக் கவனி. தடம் முழுசாக ஒரே கையில் இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும். ரயில் ஓடும்வரைதான் நிலம் ரயிலுக்கு, நின்றால் பக்கத்து நிலக்காரருக்கு என்று பல இடங்களில் பத்திரத்திலேயே இருக்கும். நடுவில் ஒரு துண்டு கைமாறினாலும் போச்சு. அங்கே இதற்காகவே 1983இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பிற்காலத்தில் ரயில் தேவைப்பட்டால் திருப்பிக் கொடுக்கலாம், அதுவரை பாதையாக இருக்கட்டும் என்று. அதனால் தடம் சிதறாமல் நிற்கிறது.

அம்மா: எனக்கு ஒரே கேள்வி. சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஒரு பெண் தனியாக இதில் நடப்பாளா?

கதிர்: விளக்கு போடுவோம் அம்மா.

அம்மா: விளக்கு இருந்தால் ஆயிற்றா? பாறையை வெட்டிப் போன தடம் என்று உன் பெரியப்பாவே சொல்கிறார். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி இருக்கும். உள்ளே போன பிறகு மனசு சரியில்லை என்றால் எங்கே ஏறி வெளியே வருவது? இந்தக் கோடியில் ஒரு வாசல், அந்தக் கோடியில் ஒரு வாசல் வரைந்திருக்கிறாய். கழிப்பறை ஒன்றுகூட இல்லை.

நிலா அக்கா: கழிப்பறைக்கு என் ஓட்டு. தள்ளுவண்டியில் குழந்தையோடு போனால்தான் தெரியும்.

கதிர்: சரி, நடுவில் நாலு இடத்தில் படியும் சாய்தளமும் வைக்கிறேன்.

அத்தை: இப்போது எழுதுகிறேன். ஆற்றோரப் புதர் இருக்கிறதே, அது விலங்குகளின் தெரு. பகலில் அதற்குள் ஒண்டிக்கொள்ளும், இரவில் அதன் மறைவிலேயே ஓரமாக நகரும். பாதையின் அகலம் 3 மீட்டர்தான் என்பாய். தொந்தரவு 3 மீட்டரோடு நிற்காது. கட்டாமல் விட்ட நாய் ஒன்று போதும், தரையில் கூடு கட்டிய பறவை முட்டையை விட்டு எழுந்துவிடும். செருப்பிலும் சக்கரத்திலும் ஒட்டிவரும் களை விதை வேறு. இரண்டு கரையிலும் பாதை போட்டால் அதுகள் எங்கே ஒதுங்கும்?

மாமா: அப்போ ஆற்றுப் பக்கமே மனிதன் வரக்கூடாதா?

அத்தை: ஒரு கரையை எடுத்துக்கொள்ளுங்கள். மறுகரையை விட்டுவிடுங்கள். முக்கியமாக, நடுவில் கரை மாறக் கூடாது. பூங்கா அந்தப் பக்கம் இருக்கிறதே என்று பாலத்தில் ஏற்றிப் பாதையை அக்கரைக்குத் திருப்பினால், அக்கரையிலேயே வந்துகொண்டிருந்த விலங்கு அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். பாலம் ஏறி இக்கரைக்கு வர அதற்குத் தெரியாது.

கதிர்: எந்தக் கரையை எடுப்பது அத்தை? கிழக்கே இரண்டு பூங்கா, மேற்கே மூன்று.

அத்தை: பூங்காவை எண்ணாதே. ஏற்கெனவே சாலையும் வீடும் வந்து கெட்டுப்போன கரை எது?

கதிர்: மேற்கு.

அத்தை: அப்புறம் என்ன.

மாமா: கிழக்கே இரண்டு பூங்காவும் அம்போதானா?

கதிர்: இல்லை மாமா, பழைய ரயில் தடம் அவற்றை ஒட்டித்தான் போகிறது. அதில் கோத்துவிடலாம்.

பெரியப்பா: மேற்குக் கரையில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று முதலில் கோடு போடு. அதற்குள் பாதை இருக்கலாம், கட்டடம் கூடாது. வருஷத்தில் சில நாள் பாதை மூழ்கினால் மூழ்கட்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஓம்ஸ்டெட் என்ற பூங்கா வடிவமைப்பாளர் 1878இல் தொடங்கிய பூங்காச் சங்கிலியை எல்லோரும் அழகுக்காக என்று நினைக்கிறார்கள். அதன் முதல் கண்ணியே சாக்கடை தேங்கி நாறிய சதுப்பைச் சரிசெய்யவும் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளவும் போட்டது.

பெரியப்பா: இன்னொன்று. குறுக்கே வாட்டம் வை. மேட்டுப் பக்கத்திலிருந்து பள்ளத்துப் பக்கம் மீட்டருக்கு 5 சென்டிமீட்டர். மழைத்தண்ணீர் அகலவாட்டில் வழிந்து போய்விடும். வாட்டம் இல்லாவிட்டால் பாதையே வாய்க்காலாகும். முதல் மழையில் விரல் அகலத்துக்குக் கீறும், அடுத்த மழையில் கால் புதையும், ஜல்லி எல்லாம் கீழ் வளைவில் குவிந்து கிடக்கும். ஜனங்கள் அதைச் சுற்றிப் புல்லில் நடப்பார்கள். 3 மீட்டர் பாதை 6 மீட்டர் ஆகிவிடும்.

அத்தை: அண்ணா சொல்வது நூற்றுக்கு நூறு.

(ஞாயிற்றுக்கிழமை)

மாமா: ராத்திரி யோசித்தேன், ஒரு கரைக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறுவழிச் சாலை வரும் இடத்தில் உன் கோடு புள்ளிக்கோடாகிவிடுகிறது கதிர். மொத்தப் பாதையின் தலையெழுத்தும் அந்த 200 மீட்டரில்தான் இருக்கிறது. அங்கே கடக்கப் பயமாக இருந்தால் பிள்ளைகளோடு யாரும் வீட்டிலிருந்தே கிளம்ப மாட்டார்கள். சிங்கப்பூரில் பூங்காக்களை இணைக்கும் பாதை 300 கிலோமீட்டருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். புதிதாக நிலம் தேடி அலையவில்லை, பெரும்பாலும் வடிகால் ஓரத்து ஒதுக்கு நிலத்தைப் பயன்படுத்தினார்கள். இணைப்பு அறுபடாமல் இருப்பதுதான் அதன் சிறப்பு.

கதிர்: நெதர்லாந்தில் ஹில்வர்சம் பக்கத்தில் விலங்குகளுக்கென்றே 800 மீட்டர் நீளத்தில் மேம்பாலம் கட்டினார்கள், 2006இல். ரயில், சாலை, விளையாட்டுத் திடல் எல்லாவற்றுக்கும் மேலே போகும். அந்த மாதிரி ஒன்று வரையலாமா?

பெரியப்பா: வரையலாம். எவன் கட்டுவான்?

பெரியப்பா: ஆறு எப்படியும் சாலைக்கு அடியில்தான் போகிறது. பாலத்தின் கண்ணை இரண்டு பக்கமும் அகலப்படுத்து. மேற்கே உன் பாதை அடியிலேயே நுழைந்துவிடும்.

அத்தை: கிழக்கே வழக்கமான தண்ணீரில் நனையாத மண்திட்டு ஒன்று வேண்டும். சிமென்ட் பூசக் கூடாது. விளக்கும் கூடாது.

அம்மா: அண்ணி, பாலத்துக்கு அடியில் விளக்கு இல்லாமல் எப்படி?

அத்தை: வௌவாலுக்கும் பூச்சிக்கும் வெளிச்சம் ஆகாதே.

கதிர்: இப்படிச் செய்தால் என்ன? ரயில் தடம்தான் வேலைக்கும் பள்ளிக்கும் போகிற வழி. அதில் இரவு முழுக்க விளக்கு, நிறைய வாசல். ஆற்றுப் பாதையில் விளக்கே இல்லை, பொழுது சாய்ந்தால் மூடல்.

அம்மா: மூடுகிற நேரத்தை வாசலில் பெரிதாக எழுதி வை. உள்ளே இருப்பவர்கள் இருட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

நிலா அக்கா: அட்லாண்டாவில் என்ன நடந்தது தெரியுமா? பழைய ரயில் தடங்களைக் கோத்து நகரைச் சுற்றி 35 கிலோமீட்டர் வளையம். 1999இல் ஒரு மாணவரின் ஆய்வேட்டில் தொடங்கியது. பாதை வர வர, ஓரத்து வீடுகளின் விலையும் வாடகையும் ஏறி, காலங்காலமாக இருந்த பலர் வெளியேற வேண்டியதாயிற்று. அந்த மாணவரே 2016இல் இதைச் சொல்லி நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார்.

கதிர்: அதை வரைபடத்தில் எப்படிக் காட்டுவது?

நிலா அக்கா: காட்ட முடியாது. ஆனால் தடத்தை ஒட்டிய நிலத்தில் ஒரு பங்கைக் குறைந்த வாடகை வீடுகளுக்கு இப்போதே ஒதுக்கினால் வண்ணம் தீட்டலாம் இல்லையா? விலை ஏறிய பிறகு வாங்க முடியாது.

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: என்ன எழுதி அழித்தீர்கள்?

மாமா: கிழக்குக் கரையில் ஒரே ஒரு காட்சி மேடை கேட்டேன்.

அத்தை: முடியாது.

மாமா: ஏரியிலாவது?

அத்தை: ஏரியில் வைக்கலாம். மறைவுத் தட்டி அடித்து, சாலைப் பக்கத்துக் கரையில்.

(செவ்வாய்க்கிழமை)

கதிர்: [படம்: வண்ண வரைபடம்]

கதிர்: மேற்குக் கரையில் பாதை, கிழக்கு முழுக்க அடர்பச்சை, ஒரு கோடுகூட இல்லை. ரயில் தடத்தில் ஏழு வாசல், மூன்று கழிப்பறை. மஞ்சளில் இருப்பது நிலா அக்காவின் வீடுகள்.

பெரியப்பா: நன்றாக இருக்கிறது. புதர் வெட்டுவது யார், ஜல்லி போடுவது யார், கழிப்பறையைக் கழுவுவது யார் என்று எழுதினாயா?

கதிர்: அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் பெரியப்பா.