டேங்கர் தம்பி "தண்ணி அடித்த" கதை: 'அடி'க்குக் கணக்கு உண்டா?

அல்சூர்க்காரி:
பெங்களூர் அல்சூரில் பன்னிரண்டு வீடுகள் உள்ள எங்கள் அபார்ட்மெண்டுக்கு இந்த வருடம் நான்தான் செயலாளர். கோடை வந்தாலே போர்வெல் கையை விரித்துவிடும், டேங்கர்தான் கதி. போன சனிக்கிழமை கீழ்வீட்டுக் கன்னடக்காரர், ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவிடம் டேங்கர் வந்ததா என்று கேட்டிருக்கிறார். "அந்தத் தம்பி காலையிலேயே தண்ணி அடிச்சிட்டுப் போயிருச்சேப்பா" என்று அம்மா சொல்லிவிட்டார்.

அவருக்குத் தமிழ் தெரியும். ஆனால் சினிமாத் தமிழ். பத்தே நிமிடத்தில் வாட்ஸப்பில் செய்தி வந்தது, குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர் வேண்டாம், ஆளை மாற்றுங்கள் என்று.

விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் அடிபம்பை அடித்துத்தான் குடம் நிறையும், மோட்டார் வந்த பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை என்றேன்.
"அப்போ பெட்ரோல்?"
"அதையும் அடிப்போம்."
"வெயில்?"
"அது தானா அடிக்கும்."
"ஃபோன்?"
"அதுவும் அடிக்கும். எடுத்துப் பேசணும்."
மனுஷர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதற்கெல்லாம் ஏதாவது கணக்கு உண்டா, இல்லை நாமே வாய்க்கு வந்ததை அடித்துவிடுகிறோமா?

மல்லேஸ்வரம் மணி:
அக்கா, அவர் வாயைத் திறக்கவே கூடாது! கன்னடத்தில் 'ஹொடி' இதே வேலையைத்தான் பார்க்கிறது. போர் ஹொடி, காப்பி ஹொடி, நித்தே (தூக்கம்) ஹொடி, எல்லாம் உண்டு. நாம் தண்ணி அடித்தால் அவர்கள் எண்ணெய் அடிப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் "எண்ணெ ஹொடீதியா?" என்று ஒருவர் கேட்டார். "ஞாயித்துக்கிழமை தவறாம, அம்மாதான் தேய்ச்சு விடுவாங்க" என்றேன். இன்றுவரை ஆபீசில் என் பெயர் எண்ணெ மணி.

பழைய வாத்தியார்:
கணக்கு இருக்கிறதம்மா. ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்து அதை வினையாக்குவது 'அடி'க்குப் பழக்கமான வேலை. போர், கட், காப்பி என்று இங்கிலீஷ் சொல் எது வந்தாலும் தோளில் தூக்கிக்கொள்ளும். இதைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்களை ஒன்று கேட்பேன். தோற்கடி, மூழ்கடி, சாகடி என்று எழுதுகிறோமே, தோற்க என்பதோடு சேர்ந்து நிற்பது எந்த அடி? கையால் அடிப்பதல்ல அது, ஒன்றை நடக்க வைப்பது. அதற்காக எல்லாமே ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். 'வெயில் அடிக்கிறது' என்று கட்டுரையில் எழுதினால் மதிப்பெண் குறைக்க மாட்டேன். 'ஜால்ரா அடித்தான்' என்றால் சிவப்பு மை.

ஒயிட்ஃபீல்டு மாப்பிள்ளை:
சைட் அடிப்பதை விட்டுவிட்டீர்களே! பெங்களூரில் சைட் என்றால் மனை. கல்யாணப் பேச்சின்போது சென்னை மாமனாரிடம், "ஒரு நல்ல சைட் பார்த்து வச்சிருக்கேன்" என்றேன். முகம் சுருங்கியது. "30க்கு 40" என்றதும் இன்னும் மோசமாகிவிட்டது, வயது என்று நினைத்துவிட்டார் போல. 1200 சதுர அடி, உங்கள் கணக்கில் அரை கிரவுண்ட் என்று சொன்ன பிறகுதான் காபி வந்தது.

அல்சூர்க்காரி:
நன்றி. அந்தத் தம்பிக்கு வேலை தப்பியது. கீழ்வீட்டுக்காரர்தான் இப்போது என்னைக் கண்டாலே, மாடிப்படி முழுக்கக் கேட்கிற மாதிரி, "மேடம், இன்னிக்கு தண்ணி அடிச்சாச்சா?" என்கிறார்.