சீனப் பயணி தைபேயில் விமானம் மாறுவதற்கா இத்தனை பேச்சுவார்த்தை?

முதுகலை மாணவன்:
சீனா–தைவான் உறவைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். 2008-லேயே நேரடி விமானங்கள் வந்துவிட்டன, சீனச் சுற்றுலாப் பயணிகளும் தைவானுக்குப் போனார்கள். ஆனால் தைபேக்கான தாவோயுவான் விமான நிலையத்தில் இறங்கி அமெரிக்காவுக்கு வேறு விமானம் பிடிக்க 2016 வரை வழியில்லையாம். ஊருக்குள்ளேயே விட்ட தைவானுக்கு இதில் என்ன சிக்கல்?

டிக்கெட் கவுண்டர்:
தம்பி, முட்டுக்கட்டை போட்டது தைவான் இல்லை, சீனா. தைவான் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. டிக்கெட் போட்டே பிழைப்பவன், அதனால் எனக்கு முதலில் கண்ணில் படுவது காசு. சீனாவின் குன்மிங்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போகிறவர் தைபே வழியாகப் போனால் சைனா ஏர்லைன்ஸிலோ ஈவா ஏரிலோ ஒரே டிக்கெட்டாக எடுத்துவிடுவார். (பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், சைனா ஏர்லைன்ஸ் தைவானுடையது.) பசிபிக்கைத் தாண்டும் அந்தப் பெரிய கட்டணம் ஷாங்காய், பெய்ஜிங் வழியாகப் போனால் சீன நிறுவனங்களுக்கு வரவேண்டியது. அதைச் சும்மா தூக்கிக் கொடுப்பார்களா? அப்போதெல்லாம் கையில் அமெரிக்க விசா இருந்தாலும் ஹாங்காங்கோ தென் கொரியாவின் இன்சியானோ வழியாகத்தான் போட்டுக் கொடுப்போம்.

வான்பாதை:
காசு மட்டுமில்லை அண்ணா. தைவான் நீரிணையின் நடுக்கோட்டை (இரு தரப்புக்கும் இடையிலான எழுதப்படாத எல்லை) நேராகக் கடக்க முடியாமல் விமானங்கள் சுற்றிப் போகின்றன. பாதையை நேராக்க வேண்டும் என்று சீனா கேட்டது, தைவான் ராணுவம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று பேரம் அங்கேதான் இழுத்தது.

முதுகலை மாணவன்:
அப்புறம் எப்படி 2016-இல் திறந்தது?

டிக்கெட் கவுண்டர்:
தேதிகளைப் பாருங்கள். 2015 நவம்பர் 7, சிங்கப்பூரில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அப்போதைய தைவான் அதிபர் மா யிங்-ஜியோவும் சந்தித்தார்கள். 2016 ஜனவரி 5, தைபேயில் விமானம் மாறலாம் என்று சீனாவின் அறிவிப்பு. ஜனவரி 16, தைவானில் அதிபர் தேர்தல். சீனாவோடு இணக்கமாக இருந்த மாவின் கட்சிக்குக் கொடுத்த சீர்வரிசை என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அந்தக் கட்சி தோற்றது. பிப்ரவரி 1-இல் தொடங்கியபோதும் நான்சாங், குன்மிங், சோங்சிங் என மூன்றே ஊர்கள். பெய்ஜிங்கும் ஷாங்காயும் குவாங்சோவும் பட்டியலிலேயே இல்லை. பயணி விமான நிலையத்தை விட்டு வெளியே வரவும் கூடாது.

மே மாதம், தேர்தலில் வென்ற எதிர்க்கட்சித் தலைவர் சாய் இங்-வென் அதிபராகப் பதவியேற்றார். ஜூனில் சீனா அதிகாரபூர்வத் தொடர்பை நிறுத்திவிட்டது. நான்காவது ஊரைச் சேர்க்கக் கேட்பதானாலும் யாரிடம் கேட்பது?

வான்பாதை:
தம்பி, நடுக்கோட்டை ஒட்டிச் சீனப் பக்கம் போகும் எம்503 வான்பாதைத் தகராறையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜனவரியில் சீனா அறிவித்து, தைவான் எதிர்த்ததால் பாதையைக் கொஞ்சம் மேற்கே தள்ளி மார்ச் 29-இல் திறந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் பேரம் நன்றாகப் பிடிபடும்.